பொன்னி போன பிறகு: பூனையை இழந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொன்னி எங்கள் மயிலாடுதுறை வீட்டுப் பரணில், 2010 ஐப்பசி மழையில் பிறந்தவள். வெள்ளை, கறுப்பு, செம்மை என மூன்று நிறமும் கலந்த பூனை. தாய் மற்ற குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாறியபோது இவளை மட்டும் விட்டுவிட்டது. 2024 ஜூன் மாதம் சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். அதற்குப் பிறகு தெருவில், சொந்தத்தில், வேலை செய்யும் இடத்தில் யார் வீட்டுப் பூனை இறந்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பூனைக்காக இத்தனை நாள் அழுவது சரியா? வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சரிதான். மனிதர் இறந்தால் பந்தல் போடுகிறோம், நாலு பேர் வந்து உட்காருகிறார்கள், அழுவதற்கென்று பதினாறு நாள் கிடைக்கிறது. பூனை இறந்தால் மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றி, பேருந்தைப் பிடித்து, வேலைக்குப் போய்விட வேண்டும். எதிர்வீட்டு அக்கா என்னிடம், "ஒரு பூனைக்குப் போய் இப்படி உருகுறியேம்மா, வேற குட்டியா கிடைக்காது?" என்றார். அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. குட்டி கிடைக்கும், பொன்னி கிடைக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

இந்தத் துக்கம் இன்று நேற்று வந்ததும் இல்லை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருடங்களுக்கு முந்தைய ஒரு மனிதக் கல்லறையைத் தோண்டியபோது, அருகில் 40 சென்டிமீட்டர் தள்ளி, தனியாக வெட்டிய சிறு குழியில் ஒரு பூனை முழு உடலோடு கிடந்தது. ஆய்வாளர்கள் இதை 2004இல் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்ததே இல்லை. யாரோ படகில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எகிப்தில் வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் வீட்டிலிருந்த அத்தனை பேரும் புருவத்தை மழித்துக்கொண்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். புருவம் வளர்வதற்குள் யாரும் "இன்னுமா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் 14416க்கு அழையுங்கள். மனநல உதவிக்கான அரசு எண் அது, தமிழிலேயே பேசலாம். பூனைக்காகவா என்று தயங்க வேண்டாம்.

இறந்தவுடன் உடலை என்ன செய்ய வேண்டும்?

சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்குள், அது எப்படிச் சுருண்டு தூங்குமோ அப்படிக் கால்களை மடக்கி வையுங்கள். கண் பெரும்பாலும் மூடாது. மூட முயன்று மனசை வருத்திக்கொள்ள வேண்டாம். சிறுநீரோ மலமோ தானாக வெளியேறலாம். அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரவேண்டும் என்று காத்திருந்தால், நம் வெயிலுக்கு ஐஸ் கட்டியைப் பையில் போட்டுத் துணி சுற்றி வயிற்றுப் பக்கம் வைக்க வேண்டும். அப்படியும் ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள்.

வெறிநோய் சந்தேகம் இருந்தால், அதாவது இறப்பதற்கு முன் காரணமில்லாமல் கடித்தது, எச்சில் ஒழுகியது, நடை தள்ளாடியது என்றால், வெறுங்கையால் தொடக் கூடாது. கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடியோ கீறலோ பட்டவர்கள் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

எங்கே புதைப்பது? எங்களுக்குக் கொல்லை இல்லை, அடுக்குமாடி வீடு.

கொல்லை இருந்தால் குறைந்தது மூன்றடி ஆழம். கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் தள்ளி. பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், மண் அதை ஏற்றுக்கொள்ளாது. மேலே கனமான கல் ஒன்றை வைத்தால் தெருநாய் தோண்டாது. மருத்துவர் கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்பியிருந்தால் ஆழம் இன்னும் முக்கியம். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், தோண்டித் தின்கிற நாயும் பருந்தும் செத்துப்போகலாம்.

கொல்லை இல்லாதவர்கள் தெரிந்தவர் தோப்பிலோ வயல் வரப்பிலோ அனுமதி கேட்டுப் புதைக்கிறார்கள். பெரிய நகரங்களில் செல்லப் பிராணிகளை எரியூட்டும் இடங்கள் இருக்கின்றன; உங்கள் கால்நடை மருத்துவரையோ மாநகராட்சியையோ கேட்டால் வழி சொல்வார்கள். ஆற்றில் மட்டும் விடாதீர்கள்.

நானே சம்மதித்து ஊசி போடச் சொன்னேன். கொன்றுவிட்டேனா?

இல்லை. முதலில் மயக்கம், பிறகு அதிக அளவில் மயக்க மருந்து. தூக்கம் ஆழமாகிக்கொண்டே போய் மூச்சும் இதயமும் நிற்கின்றன. மருத்துவர் சொல்லி, நீங்கள் யோசித்து, வலி இனி தீராது என்று தெரிந்த பிறகு எடுத்த முடிவு அது. "பூனைப் பாவம் பொல்லாதது" என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தச் சொல் அடித்துக் கொல்பவர்களுக்கும் சாக்கில் கட்டி வீசுபவர்களுக்கும் சொன்னது. கடைசி நிமிடம் வரை தலையில் கை வைத்திருந்தவர்களுக்குச் சொன்னது இல்லை.

முன்னாடியே கவனித்திருந்தால் பிழைத்திருக்குமே?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இரவில் நானும் கேட்டுக்கொண்டேன்.

அந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கியபோது பொன்னி தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடித்தாள். வெயில் அப்படி, நாய் பூனைக்கும் தாகம் எடுக்கும்தானே என்று சட்டியைப் பெரிதாக மாற்றி வைத்தேன். மூன்று வாரம். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறியிருந்தது. தோள்பட்டைக்கு நடுவில் தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசி வழியாக சலைன் ஏற்றக் கற்றுக்கொடுத்தார் மருத்துவர். பதினெட்டு நாள் ஏற்றினேன். பத்தொன்பதாம் நாள் விடியற்காலை அவள் இல்லை.

மருத்துவர் அப்புறம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பூனையின் சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறும். அதற்கு முன் தாகமும் எடைக் குறைவும் தெரியும். அதையும் பூனை மறைக்கும். காட்டில் பெரிய விலங்குகளுக்கு இரையாகிவிடாமல் இருக்க நோயைக் காட்டாமல் வாழ்ந்த வம்சம் அது. அந்த மூன்று வாரம் கிடைத்திருந்தால் இன்னும் சில மாதம் இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். இருந்திருக்க மாட்டாள் என்று யாராவது சொன்னால் நம்புவதில்லை. சரி, சில மாதம். அதற்காக அவளோடு இருந்த 13 வருடத்தையும் நான் தவறவிட்டதாகக் கணக்குப் போட மாட்டேன். நீங்களும் போடாதீர்கள்.

காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, பூனை இறந்தபின் என்னிடம் வந்து அழுதவர்கள் இருவர். அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே மாத்திரையில் உயிர் போகும். தெரியாமல் செய்தது. உங்களுக்கும் அப்படி நடந்திருந்தால், பூனை வளர்க்கும் பத்துப் பேரிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பத்துப் பூனைகளுக்கு உங்கள் பூனை செய்த உதவியாகட்டும்.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள். "தூங்குது" என்று சொன்னால் அன்றைய இரவிலிருந்து தூங்கப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. "ஊருக்குப் போயிருக்கு" என்றால் தினமும் வாசலில் போய் நிற்கும். என் தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. "இனிமே மூச்சு விடாதுடா, பசிக்காது, வலிக்காது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ பெரியம்மா, அதோட தட்டை யாரு கழுவுவா?" என்று கேட்டான். தட்டை அவனையே கழுவச் சொன்னேன். கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தான். புதைக்கும்போது ஒரு கை மண் போடவும் விட்டோம்.

வீட்டில் இருக்கும் இன்னொரு பூனை தேடுகிறது. அதற்குத் தெரியுமா?

தேடும். கூடவே வாழ்ந்த விலங்கு இறந்தபின் பூனைகள் சரியாகச் சாப்பிடாமல், விளையாடாமல், வழக்கத்தைவிடக் குறைவாகத் தூங்கி, ஆளையே சுற்றி வருவதாக வளர்ப்பவர்கள் சொன்னதை வைத்து 2024இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. சாவு என்று அதற்குப் புரிகிறதா என்பதை அப்படி முடிவு செய்துவிட முடியாது. ஆனால் இருந்த ஒன்று இல்லை என்று தெரிகிறது. போனதன் துணியை உடனே துவைத்துவிடாதீர்கள், மணம் கொஞ்ச நாள் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

சடங்கு செய்யலாமா?

தாராளமாக. எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் பால் தெளித்தோம். நாகூரில் இருக்கும் என் தோழி, நபித்தோழர் ஒருவருக்கு அபூ ஹுரைரா, பூனைக்குட்டியின் தந்தை, என்றே பெயர் என்பதைச் சொல்லி, தன் பூனை புதைத்த இடத்தில் உட்கார்ந்து துஆ கேட்டாள். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் தன் அப்பாவுக்கு ஏற்றும் மெழுகுவர்த்தியோடு பூனைக்கும் ஒன்று ஏற்றுகிறார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய விஷயம் இல்லை இது.

நினைவுக்கு என்ன எடுத்து வைக்கலாம்?

உதிர்ந்த மீசை முடி ஒன்று, சீப்பில் சிக்கிய ரோமம் கொஞ்சம், கழுத்து மணி. கால்தடம் வேண்டுமானால் விறைப்பதற்குள் எடுக்க வேண்டும். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் பிசைந்து, தட்டி, பாதத்தை அழுத்தி எடுத்து நாலைந்து நாள் வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் வார்னிஷ் பூசாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். உப்பு அதிகம் என்பதால் மற்ற பூனைக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

கைபேசியில் இருக்கும் காணொளிகளை இன்றைக்கே வேறொரு இடத்தில் நகல் எடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டது 24 மணி நேரத்தில் போய்விடும், கைபேசியைத் தொலைத்தால் எல்லாமே போய்விடும். படத்தைவிடக் குரல் முக்கியம். பொன்னியின் படம் என்னிடம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. குரல் இரண்டே இடத்தில், அதுவும் ஒன்றில் பின்னால் மிக்சி ஓடுகிறது.

அதைப்பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. என்ன எழுதுவது?

"அன்பானது, அறிவானது" என்று தொடங்கினால் வராது. எல்லாப் பூனையும் அப்படித்தான். உங்கள் பூனை மட்டும் செய்ததை எழுதுங்கள்.

எனக்கு வழி காட்டியது ஒரு தகவல். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று சொல்லிக்கொள்வது அபூர்வம். குட்டியாக இருக்கும்போது தாயைக் கூப்பிடும் குரல் அது. வளர்ந்த பிறகு அநேகமாக மனிதரிடம் மட்டும்தான். எந்தக் குரலுக்குக் கதவு திறக்கிறது, எந்தக் குரலுக்குத் தட்டில் மீன் விழுகிறது என்று ஒவ்வொரு பூனையும் தன் வீட்டு ஆட்களிடம் பழகிப் பழகித் தெரிந்துகொள்கிறது. அதைப் படித்த அன்று வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொன்னி பேசியது எங்கள் வீட்டுக்காகவே உண்டான ஒரு பேச்சு. பேசியவள் போய்விட்டாள். கேட்டுப் புரிந்துகொண்டவர்கள் நானும் அம்மாவும் மட்டும்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி அகராதி போல எழுதத் தொடங்கினேன்.

வாயைத் திறக்காமல் "ம்ஹ்ர்": மீன்காரம்மாவின் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும். எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே.

"எக் எக் எக்", தாடை நடுங்க: ஜன்னல் கம்பிக்கு வெளியே மைனா.

நீளமாக "ஆவ்வ்", மாடிப்படியின் நடுவிலிருந்து, விடியற்காலை மூன்று மணிக்கு: ஒன்றும் வேண்டாம், யாராவது விழித்திருக்கிறார்களா என்று தெரிய வேண்டும். "இங்கதான்டி இருக்கேன்" என்று படுத்தபடியே சொன்னால் போதும், அடங்கிவிடுவாள்.

சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடுவது: அம்மாவிடம் மட்டும்.

இப்படி 31 எழுதினேன். அப்புறம் இடங்கள்: அரிவாள்மணைக்கு எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய்க் காம்புக்குக் காத்திருந்தது, ரேஷன் அரிசி மூட்டையின் மேல் தூங்கித் தூங்கி அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு வாரத்திலேயே சில ஒலிகளை அம்மாவிடம் கேட்டுத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. அதனால் சொல்கிறேன், தள்ளிப்போடாதீர்கள். முகம் படத்தில் நிற்கும். பழக்கங்கள்தான் முதலில் மறக்கின்றன.

அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "சனியனே" என்பாள். நோட்டைப் படித்துக் காட்டியபோது கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதை எழுதலையே" என்றாள்: வலது பக்கம் கன்னத்தில் சொறிந்தால் இடது பின்னங்கால் தானாக ஆடும். 13 வருடத்தில் எனக்குத் தெரியாத ஒன்று. நோட்டில் 32ஆவதாக இருக்கிறது. இன்றைக்கும் நெத்திலி வாங்கினால் தலைகளைத் தனியாகக் கிள்ளிச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுத்தான் அம்மா குழம்புக் கூட்டுகிறாள்.

என் பூனை இறக்கவில்லை, காணாமல் போய்விட்டது. எப்படித் துக்கப்படுவது?

மிகக் கடினமானது இதுதான். முதலில் தேடுங்கள்: பாதி ராத்திரியில், தெரு அடங்கிய பிறகு, டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பயந்த பூனை பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்கட்டுக்கு அடியில், மூடிய கடைக்குள் பதுங்கியிருக்கும். கண் வெளிச்சத்தில் மின்னும்.

வராமலே போனால், மாத்யூ ஃபிளிண்டர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவைக் கப்பலில் முழுக்கச் சுற்றி வரைபடம் போட்டவர். அவரோடு கப்பலில் போன டிரிம் என்ற பூனை 1799இல் கடல் நடுவே கப்பலிலேயே பிறந்தது. கப்பல் உடைந்தபோதும் அவரோடு தப்பியது. ஊர் திரும்பும் வழியில் அவரை மொரீஷியஸில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்தார்கள். அங்கே 1804இல் டிரிம் காணாமல் போனது. உடல் கிடைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, இன்னும் அங்கேயே அடைபட்டிருந்த நிலையில், 1809இல் அவர் டிரிமைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தக் காகிதம் இருந்ததால்தான் 1996இல் சிட்னி நூலகத்துக்கு வெளியே, அவர் சிலைக்குப் பின்னால் ஜன்னல் திட்டின் மேல் டிரிமுக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள்.

உடல் இல்லாவிட்டாலும் ஒரு தேதியை முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்த நாள் போதும்.

எப்போது இன்னொரு பூனை வளர்க்கலாம்?

கணக்கு இல்லை. ஆனால் இறந்தது பார்வோ போன்ற தொற்றில் என்றால், அதாவது குட்டிகளுக்கு வரும் வாந்தி, வயிற்றுப்போக்கு நோயில், அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடிந்த பூனையைத்தான் கொண்டு வர வேண்டும். வந்ததற்குப் பழைய பெயரை வைக்காதீர்கள். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்த முகம் வேறு.

புதைத்த இடத்தில் என்ன செடி வைக்கலாம்?

தெருப் பூனைகள் வரும் இடம் என்றால் அரளி, செங்காந்தள், லில்லி வகை வேண்டாம். மூன்றும் பூனைக்கு நஞ்சு. லில்லியின் மகரந்தத்தைக் காலிலிருந்து நக்கினாலே சிறுநீரகம் போகும்.

நான் ஒன்றும் வைக்கவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு கல்லைச் சுற்றிக் குப்பைமேனி தானாக முளைத்தது. அதன் வேருக்குப் பூனைகள் மயங்கும் என்பதால் நம் ஆட்கள் அதற்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அப்போது எனக்கு அது நினைவில்லை, களை என்று இரண்டு செடியைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டேன். கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் தெருவின் காது கிழிந்த கடுவன் எங்கிருந்தோ வந்து, வேரில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, பொன்னியின் கல்லுக்குப் பக்கத்தில் நாலு காலும் மேலே தூக்கி உருண்டுகொண்டிருந்தது. அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "ஏய், அதுக்குத் தண்ணி வைடி" என்றாள். மீதிச் செடிகளை அப்படியே விட்டுவிட்டேன்.